உபுண்டு புதுப்பிப்புக்குப் பிறகு கணினி தொடங்கவில்லை, வன்தட்டின் கடவுச்சொல்லையும் கேட்கவில்லை

சிம்மக்கல் தட்டச்சகம் எழுதியது:

வணக்கம். மதுரை சிம்மக்கல்லில் சிறிய அளவில் தமிழ்த் தட்டச்சும் நூல்களுக்கான பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றின் குடமுழுக்கு மலரை இந்த வாரக் கடைசிக்குள் முடித்துச் சிவகாசியில் உள்ள அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். 160 பக்க மலர். அந்த வேலை முழுவதும் இருக்கும் கணினி நேற்று மாலையிலிருந்து தொடங்க மறுக்கிறது. பென்டிரைவில் கடைசியாகப் படியெடுத்து வைத்தது பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு. அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் கேட்டு எழுதிச் சேர்த்த பகுதிகளும், திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலில் செய்த திருத்தங்களும் அந்த வன்தட்டில் மட்டுமே உள்ளன.

இது உதிரிப் பாகங்களை வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. 2017இல் என் தங்கை மகன் உபுண்டு 16.04 இயங்குதளத்தை நிறுவித் தந்தான். பின்னர் அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அடுத்தடுத்த பதிப்புக்கு மாற்றி, இப்போது 22.04இல் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் கோப்புகள் இருப்பதால் நிறுவும்போதே வன்தட்டை மறையாக்கம் செய்துவிட்டான். காலையில் கணினியைத் தொடங்கியதும் முதலில் வன்தட்டுக்கான கடவுச்சொல்லைக் கேட்கும், அதன் பிறகுதான் மற்றவை வரும்.

நேற்று மாலை புதுப்பிப்புக்கான சாளரம் வந்தது, நிறுவச் சொன்னேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. யூபிஎஸ் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மின்சாரம் வந்த பிறகு தொடங்கினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வேகமாக ஓடி, கடைசி வரியில் ‘கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக் (0,0)’ என்று காட்டி அப்படியே நின்றுவிடுகிறது. கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ‘பூட்’ என்ற இடத்தில் கொள்ளளவு குறைவாக இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை சில நாட்களாக வந்துகொண்டிருந்தது. வன்தட்டில் 300 ஜிபிக்கு மேல் காலியாக இருப்பதைப் பார்த்து, அதைப் பொருட்படுத்தாமல் மூடிவிட்டேன்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டபோது, ஃபார்மட் செய்து புதிதாக நிறுவித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய வழியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

செல்லூர்க்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. மின்சாரம் திடீரென நின்று திரும்ப வரும்போது நினைவகம் பழுதாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, நினைவக அட்டையை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்திப் பாருங்கள். வன்தட்டுக்குப் போகும் கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். எனக்கு இது வன்பொருள் கோளாறாகத்தான் தோன்றுகிறது.

பரங்குன்றத்தார் எழுதியது:

அம்மா, மேலே நண்பர் சொன்னது திரையில் எதுவுமே வராத கணினிக்கு நல்ல வழி. உங்கள் நிலை வேறு. பெட்டியைத் திறக்காமலே இதைச் சரிசெய்ய முடியும் என்று எண்ணுகிறேன்; அந்தப் பன்னிரண்டு நாள் வேலையும் வன்தட்டில் அப்படியே இருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரித்து எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் அச்சமின்றிக் கை வைக்கலாம்.

கணினியைத் தொடங்கியதும் தாய்ப்பலகையில் உள்ள நிரல், வன்தட்டிலிருந்து ‘கிரப்’ என்னும் தொடக்க நிரலை எழுப்புகிறது. கிரப் இரண்டு கோப்புகளை எடுத்து நினைவகத்தில் ஏற்றும். ஒன்று இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னல், மற்றொன்று தொடக்க நேரத்தில் அதற்குத் துணை நிற்கும் ‘இனிட்ஆர்டி’. கெர்னல் மட்டும் வந்தால் மறையாக்கம் செய்த வன்தட்டை அதனால் திறக்க இயலாது. கடவுச்சொல்லைக் கேட்பதும், அதைக் கொண்டு வன்தட்டைத் திறந்து கெர்னலிடம் ஒப்படைப்பதும் இனிட்ஆர்டிக்குள் இருக்கும் சிறு நிரல்களின் வேலை. உங்கள் கணினி கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கேள்வியில் உள்ள மிக முக்கியமான தகவல் அதுதான். கெர்னல் எழுந்துவிட்டது, இனிட்ஆர்டி வரவில்லை. கடைசி வரியில் உள்ள (0,0) என்பதும் அதையே சொல்கிறது: தன் வேர்க் கோப்பமைப்பு, அதாவது இயங்குதளக் கோப்புகள் இருக்கும் இடம், எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் பொருளெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, சாவி வைத்திருப்பவர் மட்டும் வந்து சேராத நிலை இது. நினைவகமோ வன்தட்டோ பழுதாகியிருந்தால், கிரப்பும் கெர்னலும் எழுந்து இவ்வளவு தூரம் வந்து இந்தச் செய்தியைச் சொல்வது அரிது.

இனிட்ஆர்டி ஏன் வரவில்லை? மின்தடை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் மூடிவிட்ட எச்சரிக்கையைத்தான் நான் முதலில் ஐயப்படுகிறேன். வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும்போது, கிரப் படிக்க வேண்டிய இந்தக் கோப்புகளுக்கென மறையாக்கம் செய்யாத ஒரு சிறு பகுதி தனியே ஒதுக்கப்படும். அதுதான் பூட் பகுதி. 16.04 நிறுவிய காலத்தில் அதற்கு 500 எம்பிக்கும் குறைவாகவே கிடைத்தது. இனிட்ஆர்டி கோப்புகளோ ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, இப்போது ஒன்றே 100 எம்பியைத் தாண்டுவதுண்டு. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பும் பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதியதைச் சேர்ப்பதால், மூன்று நான்கு கெர்னல்களிலேயே அந்த இடம் நிரம்பிவிடுகிறது. மீதி வன்தட்டில் 300 ஜிபி காலியாக இருந்தாலும் இதற்கு உதவாது.

இப்போது செய்ய வேண்டியது: பழைய கெர்னல்கள் இன்னும் அங்கேதான் இருக்கும், அவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள். கணினியைத் தொடங்கியதும், தாய்ப்பலகை நிறுவனத்தின் சின்னம் மறையும் தறுவாயில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பழைய வகைத் தாய்ப்பலகையாக இருந்தால் தொடக்கத்திலிருந்தே ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்திருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை அழுத்தினால் பட்டியலைத் தாண்டி, ‘கிரப்’ என்ற சொல்லுடன் கட்டளைக்காகக் காத்திருக்கும் வெற்றுத் திரைக்குப் போய்விடும். அப்படி ஆனால் கலங்க வேண்டாம், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி தொடங்கலாம். பட்டியல் வந்ததும் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே கெர்னல்கள் எண் வரிசையில் இருக்கும். முதலில் இருப்பது புதியது. அதை விட்டு, அடுத்த எண்ணுள்ளதை, ‘ரெகவரி மோட்’ என்ற சொல் இல்லாத வரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே போனதும் வேறெதையும் தொடாமல் மலரின் கோப்புறையை முதலில் பென்டிரைவில் படியெடுங்கள். பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாடிப்பட்டி ஆசிரியர் எழுதியது:

பரங்குன்றத்தார் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பழைய கெர்னல்களும் எழவில்லை என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வேறொரு கணினியில் உபுண்டுவின் நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதைக் கொண்டு உங்கள் கணினியைத் தொடங்கலாம். நிறுவலாமா, நிறுவாமல் பார்க்கலாமா என்று கேட்கும்போது ‘ட்ரை உபுண்டு’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் உங்கள் வன்தட்டு தெரியும். அதைச் சொடுக்கினால் வழக்கமான கடவுச்சொல்லைக் கேட்டுத் திறந்துவிடும், வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைக்காரரிடம் ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதது மிக நல்லது அம்மா. சாதாரண வன்தட்டை ஃபார்மட் செய்தாலும், பிறகு மீட்பு மென்பொருளைக் கொண்டு சில கோப்புகளையாவது தேடி எடுக்க வாய்ப்பிருக்கும். மறையாக்கம் செய்த வன்தட்டில் அந்த வாய்ப்பும் இல்லை. தரவைத் திறக்கும் உண்மையான திறவுகோல் அந்தப் பகுதியின் தொடக்கத்தில் உள்ள சிறு தலைப்புப் பகுதியில்தான் இருக்கிறது. உங்கள் கடவுச்சொல் அந்தத் திறவுகோலைத்தான் திறக்கிறது. அந்தத் தலைப்பின் மேல் வேறெதுவும் எழுதப்பட்டுவிட்டால், கடவுச்சொல் சரியாக நினைவில் இருந்தும் பயனில்லை. ஆகவே நிறுவல் பென்டிரைவைப் பயன்படுத்த நேர்ந்தாலும், ‘எரேஸ் டிஸ்க்’ என்று தொடங்கும் எந்த வாய்ப்பின் பக்கமும் போக வேண்டாம்.

சிம்மக்கல் தட்டச்சகம் எழுதியது:

பரங்குன்றத்தார் தம்பிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இரண்டு முறை வெற்றுத் திரைக்குப் போய்விட்டேன், மூன்றாம் முறை பட்டியல் வந்தது. 6.8.0 என்று தொடங்கி, 49, 48, 47, 45 என்ற எண்களில் முடியும் நான்கு கெர்னல்கள் இருந்தன. 48ஐத் தேர்ந்தெடுத்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டச்சு செய்யும்போது கை நடுங்கியதை மறைக்காமல் சொல்கிறேன். என் கோப்புகள் அத்தனையும் இருக்கின்றன. இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பிறகு என் தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில், வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையைக் கொடுக்கச் சொன்னான். பூட் பகுதி 472 எம்பி என்றும் 100 விழுக்காடு நிரம்பியது என்றும் வந்தது. ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுத்தால் பழைய கெர்னல்கள் போய்விடும் என்றான். கொடுத்தேன். 49ஆம் கெர்னலின் நிறுவல் முடியவில்லை என்றும், வட்டில் இடமில்லை என்றும் பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. நீக்கினால்தான் இடம் வரும், இடம் இருந்தால்தான் நீக்கும் என்கிற நிலையில் இருக்கிறேன்.

பரங்குன்றத்தார் எழுதியது:

நல்ல செய்தி அம்மா, கடினமான கட்டம் முடிந்துவிட்டது. இந்தச் சிக்கலும் பலருக்கு வருவதுதான். பாதியில் நிற்கும் நிறுவலை முடித்துவிட்டே மேலே செல்வது என்று, மென்பொருள்களை நிறுவி நீக்கும் ‘ஆப்ட்’ நிரல் பிடிவாதமாக நிற்கும். அதை முடிக்க 49க்கான இனிட்ஆர்டியை எழுத வேண்டும், எழுத இடமில்லை. ஆகவே கொஞ்சம் இடத்தை நாமே கையால் உண்டாக்கித் தர வேண்டும்.

முதலில் ‘யூநேம் -ஆர்’ என்று கொடுத்து, இப்போது ஓடும் கெர்னல் 48தான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கோப்புகளைத் தொடக் கூடாது. பூட் கோப்புறையில் ‘இனிட்ஆர்டி டாட் ஐஎம்ஜி’ என்று தொடங்கி 45இல் முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதை அழிக்காமல், ‘சூடோ எம்வி’ கட்டளையால் உங்கள் ஹோம் கோப்புறைக்கு நகர்த்துங்கள். எண்ணைத் தவறிப் படித்திருந்தாலும் அதே கட்டளையால் திரும்ப வைத்துவிடலாம் என்பதால்தான் நகர்த்தச் சொல்கிறேன். ஏறத்தாழ 100 எம்பி இடம் கிடைக்கும். அடுத்து ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுங்கள். பாதியில் நின்ற நிறுவல்கள் அனைத்தையும் இது முடித்துவைக்கும். சில நிமிடங்கள் ஆகும். இனிட்ஆர்டி உருவாக்கப்படுகிறது என்ற வரியும், அதன் பிறகு கிரப் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது என்ற வரியும் பிழையின்றி வர வேண்டும். இரண்டும் வந்தால் ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ கொடுங்கள், இம்முறை பழையவற்றை நீக்கும். மீண்டும் இடமில்லை என்று வந்தால் 47இன் இனிட்ஆர்டியையும் இதே போல நகர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

இவை ஓடும்போது மின்சாரம் நின்றுவிடக் கூடாது. ஐந்து நிமிடம்கூடத் தாங்காத யூபிஎஸ்ஸின் பேட்டரி காலாவதியாகியிருக்கும், பெட்டியை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதுவரை இந்த வேலையை மாலையில் செய்யாமல், உங்கள் பகுதியில் மின்தடை அறிவிக்கப்படாத நாளின் காலையில் செய்யுங்கள். மலரை அச்சுக்கு அனுப்பிய பிறகு செய்தாலும் தவறில்லை. அதுவரை 48ஆம் கெர்னலிலேயே தாராளமாக வேலை செய்யலாம். ஒவ்வொரு முறையும் கிரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

செல்லூர்க்காரர் எழுதியது:

கடவுச்சொல்லைக் கேட்கவில்லை என்ற வரியை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், பரங்குன்றத்தாரின் விளக்கத்தால் தெளிந்தேன். ஓர் ஐயம்: 472 எம்பி பூட் பகுதியைப் பெரிதாக்கிக்கொள்ள வழியில்லையா?

பரங்குன்றத்தார் எழுதியது:

வழி இருக்கிறது. ஆனால் பூட் பகுதியை அடுத்து மறையாக்கம் செய்த பகுதி ஒட்டியபடி இருப்பதால், அதைச் சுருக்கி நகர்த்தித்தான் இதைப் பெரிதாக்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். இப்படியொரு வேலை நாளில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மலர் வேலை முடிந்த பிறகு, எல்லாவற்றையும் படியெடுத்து வைத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே எளிது. அப்போது பூட் பகுதிக்கு 2 ஜிபி ஒதுக்கிவிட்டால் நெடுநாளைக்கு இந்தத் தொல்லை இராது. அதுவரை ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கு முன்பும் ஆட்டோரிமூவ் கொடுத்துவிட்டு, டிஎஃப்பில் பூட் பகுதியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

சிம்மக்கல் தட்டச்சகம் எழுதியது:

மலரின் இறுதி பிடிஎஃப் நேற்று இரவு சிவகாசிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து, தம்பி எழுதியபடியே ஒவ்வொரு கட்டளையாகக் கொடுத்தேன். 45இன் கோப்பை நகர்த்தியதே போதுமானதாக இருந்தது. இனிட்ஆர்டி உருவானதும் கிரப் புதுப்பிக்கப்பட்டதும் பிழையின்றி வந்தன. மறுபடி தொடங்கியபோது எதையும் அழுத்தாமல் 49ஆம் கெர்னல் எழுந்து, வழக்கம் போல் கடவுச்சொல்லைக் கேட்டது. 45, 47 இரண்டும் நீங்கி, பூட் பகுதி இப்போது 63 விழுக்காடு என்று காட்டுகிறது. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி சொல்லியிருக்கிறேன். ஹோம் கோப்புறைக்கு நகர்த்திய அந்த 45ஆம் கோப்பை இனி நீக்கிவிடலாமா?

பரங்குன்றத்தார் எழுதியது:

நீக்கிவிடலாம் அம்மா. அந்தக் கெர்னலே இப்போது இல்லை.