ஆறு என்று காட்டிய கை

அப்பப்பா வீட்டார் குழு
6 ஒக்டோபர் 2019, ஞாயிறு இரவு

பவானி சின்னம்மா: நாளைக்குத் திவசம். ஐயர் 10 மணிக்கு வருகிறார். சிட்னியில் இருந்து யார் யார் வருகிறீர்கள்? வாழையிலை யார் கொண்டு வருவது?

ரமணன்: ரக்பி லீக் கிராண்ட் ஃபைனல் முடிந்தது. 14–8! சிட்னி ரூஸ்டர்ஸ்!

சிறி அண்ணா: எங்கள் கன்பரா ரெய்டர்ஸை அப்படி வென்றதை வெற்றி என்று சொல்லாதே தம்பி.

கவிதா: தொடங்கிவிட்டார்கள்.

பவானி சின்னம்மா: இலை?

சிறி அண்ணா: 8–8. முடிய எட்டு நிமிடம் அளவில் இருக்கும். நாங்கள் உயர அடித்த பந்துக்கு இரண்டு அணிக்காரரும் பாய்ந்தார்கள், பந்து எங்களிடமே வந்தது. ரெஃப்ரி பென் கம்மின்ஸ் கையை உயர்த்தி "மறுபடியும் ஆறு" என்று காட்டுகிறார், அதாவது இன்னும் ஆறு தரம் பிடிபடும் வரை பந்து எங்களுக்குத்தான். அதை நம்பித்தான் எங்கள் வைட்டன் பந்தோடு பிடிபட்டான். அதுதான் கடைசி டாக்கிள், பிடிபட்டால் பந்து போய்விடும் என்று தெரிந்திருந்தால் உதைத்திருப்பான். பிடிபட்ட பிறகு பந்து ரூஸ்டர்ஸுக்காம். அவர்கள் அப்படியே மறுமுனைக்கு ஓடி, டெடெஸ்கோ கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை எடுக்கிறான்.

ரமணன்: எங்கள் ஆள் பந்தைத் தொடவில்லை அண்ணா. தொட்டால்தானே ஆறு? கம்மின்ஸ் உடனே "கடைசி" என்று கத்தினாரே.

சிறி அண்ணா: 82,922 பேர் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? விளையாடுகிறவனுக்குக் கைதான் தெரியும். கடைசித் தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். முதலில் காட்டிய கைக்கு யார் பொறுப்பு?

ஜனகன்: ட்ரெய்னரை விட்டுவிட்டீர்களே.

சிறி அண்ணா: அதற்குத்தான் வருகிறேன். தொடக்கத்திலேயே அவர்களின் கியரி உதைத்ததை எங்கள் சொலியோலா மறித்தான். பந்து போய் மைதானத்தில் நின்ற ரூஸ்டர்ஸ் ட்ரெய்னர் மேல் பட்டது. ஆட்டத்தை நிறுத்தி, ஸ்க்ரம் வைத்துப் பந்தை அவர்களுக்கே கொடுத்தார்கள்! கொஞ்ச நேரத்தில் அவர்களின் வெரில்ஸ் ட்ரை. ட்ரெய்னர் மேல் படாவிட்டால் எங்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

ரமணன்: எங்கள் குரோங்க் தண்டனையாக 10 நிமிடம் வெளியே இருந்தார். 13 பேர் 12 பேருக்கு எதிராக ஒரு ட்ரை வைக்க முடியவில்லை. அதற்கும் ரெஃப்ரியா?

ஜனகன்: அது உண்மை.

சிறி அண்ணா: நீ யார் பக்கம்?

கவிதா: கரம் விளையாடும்போதும் ரமணன்தான் புள்ளி எழுதுவான். அப்போதும் இதே சண்டை.

ரமணன்: அக்கா, அந்தக் கதை வேண்டாம்.

பவானி சின்னம்மா: பொங்கலுக்கும் சிட்னிக்காரர் வரவில்லை. கேட்டால் தூரம் என்பீர்கள். மூன்று மணித்தியாலம்தானே.

ரமணன்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே சின்னம்மா.

சிறி அண்ணா: 94இல் ரெய்டர்ஸ் வென்றதை அப்பாவோடு பார்த்தேன். 25 வருடம் கழித்து இன்றுதான் அடுத்த கிராண்ட் ஃபைனல். அதனால்தான் இவ்வளவு கதைக்கிறேன்.

ரமணன்: விளங்குகிறது அண்ணா. வைட்டனுக்கு கிளைவ் சர்ச்சில் பதக்கம் கொடுத்தது சரிதான். அவன்தான் சிறந்த ஆட்டக்காரன்.

சிறி அண்ணா: ம்ம்.

கவிதா: வடைக்கு நான் ஊறப் போட்டுவிட்டேன். ஜனகன், உன் காரில் இடமிருக்கிறதா?

ஜனகன்: மூன்று பேருக்கு. நான்காவது ஆள் சின்ன ஆளென்றால் பார்க்கலாம். காலையில் சொல்கிறேன்.