பாதியில் நின்ற லீக்: கையிருப்பில் இருந்த அந்த ஓர் ஆட்டத்துக்கு யார் பதில் சொல்வது?

கடைசித்தடுப்பு:
பக்கத்து இழையில் புள்ளிக்கணக்கு என்பவர் தீர்ப்பே எழுதிவிட்டார். "லீக் பாதியில் நின்றால், எடுத்த புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் போதும். இதைவிட நியாயமான வழி கிடையாது. எதிர்ப்பவர்களுக்கு வகுத்தல் தெரியாது" என்கிறார். எனக்கு வகுத்தல் தெரியும் ஐயா, அதனால்தான் எரிச்சல் வருகிறது. 2020-இல் கொரோனாவால் நின்ற ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை கால்பந்து லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 36 ஆட்டங்கள். நிறுத்திய அன்று குவீன் ஆஃப் தி சவுத் 28 ஆட்டங்களில் 28 புள்ளிகள். பார்ட்டிக் திசில் 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள். குவீனைவிட ஒன்று குறைவாக ஆடியிருந்ததால் திசிலுக்கு ஓர் ஆட்டம் கையிருப்பில் இருந்தது. வென்றால் 29, கடைசி இடம் குவீனுக்கு. ஆனால் வகுத்தார்கள். ஒருவருக்கு 1.00, இன்னொருவருக்கு 0.96. திசிலைக் கடைசி இடம் என்று மூன்றாம் நிலை லீக்குக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த 0.04 புள்ளியைத் திசில் எந்த மைதானத்தில், எந்த நிமிடத்தில் பறிகொடுத்தது என்று அவர் காட்டட்டும்.

புள்ளிக்கணக்கு:
வென்றால்! அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்த அணி அடுத்த ஆட்டத்தை வெல்லும் என்று எந்தச் சோதிடர் சொன்னார்? சராசரி அந்த ஆட்டத்தை விழுங்கிவிடவில்லை. இதுவரை ஆடிய தரத்திலேயே அதையும் ஆடியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரம் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

கடைசித்தடுப்பு:
கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று, ஒன்று, பூஜ்யம். இந்த மூன்றைத் தவிர நான்காவது முடிவு கிடையாது. 0.96 புள்ளி கிடைக்கும் ஆட்டம் ஒன்றைக் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

புல்தரை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். முதலில் 'நியாயம்' என்று எதைச் சொல்கிறோம்? நடந்தவற்றுக்கு மட்டும் மதிப்புத் தருவதா, நடக்காமல் போனவற்றையும் ஈடு செய்வதா? அதை முடிவு செய்யாமல் பேசினால்...

கடைசித்தடுப்பு:
புல்தரை, தத்துவத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பேச்சு அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி.

மூலைக்கொடி:
வகுக்கவே வேண்டாம் என்று நெதர்லாந்து காட்டியது. 2020 ஏப்ரல் 24 அன்று சாம்பியன் இல்லை, தரமிறக்கம் இல்லை, தரமுயர்வும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அதுவும் அநியாயம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அநியாயம். முதல் இரண்டு இடங்களில் இருந்த அயாக்ஸுக்கு 56 புள்ளிகள், அல்க்மாருக்கும் 56. அந்தப் பருவத்தில் அல்க்மார் அயாக்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தது, அதிலும் மார்ச் 1 அன்று ஆம்ஸ்டர்டாமிலேயே 2-0. பட்டத்தை அல்க்மாருக்குத் தந்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

புள்ளிக்கணக்கு:
எல்லோருக்கும் ஒரே அநியாயமா? இரண்டாம் நிலையில் முதலிடத்தில் இருந்த கம்பூர், மூன்றாம் இடத்தைவிட 11 புள்ளிகள் முன்னால் இருந்தது. மேலே போகக் கூடாது என்றார்கள். கிளப்புகளிடம் கருத்துக் கேட்டபோது 16 பேர் ஏற்ற இறக்கம் வேண்டும் என்றார்கள், 9 பேர் வேண்டாம் என்றார்கள், மீதி 9 பேர் எந்தப் பக்கமும் சாயவில்லை. 16 தோற்றது. வகுக்கத் தெரியாதவர்கள் எண்ணவும் மறந்த கதை இது. அல்க்மாரைப் பொறுத்தவரை, சமப் புள்ளி என்றால் கோல் வித்தியாசம், விஷயம் முடிந்தது.

மூலைக்கொடி:
நேருக்கு நேர் இரண்டு முறை வென்ற அணியைவிடப் பலவீனமான அணிகளுக்கு எதிராகக் கோல் குவித்த அணி மேலா?

கடைசித்தடுப்பு:
மூலைக்கொடி, நீங்கள் என் பக்கமா, அவர் பக்கமா? இருவரும் சேர்ந்து ஹாலந்துக்குப் போய்விட்டீர்கள். திரும்பி ஸ்காட்லாந்துக்கு வாருங்கள். 28-க்கு 28, 27-க்கு 26. அணிக்குப் பாதி ஆட்டம் சொந்த மைதானத்தில், பாதி வெளியே என்பதுதான் லீக்கின் அடிப்படை. 27 ஒற்றைப்படை எண். அதைச் சமமாகப் பிரிக்கவே முடியாது. சமமில்லாத ஒன்றின் சராசரியை எடுத்து, இரண்டாம் தசமத்தில் ஒரு கிளப்பின் தலையெழுத்தை எழுதுவதுதான் உங்கள் நியாயம்.

புள்ளிக்கணக்கு:
சரி, கையிருப்பு ஆட்டம் என்றால் உங்களுக்கு அவ்வளவு பரிவு. அதே ஆண்டு இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டங்களில் 40. செல்சி 15 ஆட்டங்களில் 39. பட்டியலில் முன்னால் இருந்தது சிட்டி. சராசரி எடுத்தார்கள்: செல்சி 2.6, சிட்டி 2.5. செல்சிக்குப் பட்டம். கையிருப்பு ஆட்டத்துக்கு மரியாதை செய்தது இந்தச் சராசரிதான். அதே இங்கிலாந்தின் ஆண்கள் மூன்றாம் நிலை லீக்கில் வைகம்ப் 34 ஆட்டங்களில் 59 புள்ளிகளுடன் எட்டாம் இடத்தில் இருந்தது. வகுத்ததும் மூன்றாம் இடத்துக்கு ஏறி, மேல் நிலைக்குப் போக நடத்தும் கூடுதல் ஆட்டங்களான பிளே-ஆஃப் வென்று மேலே போனது. அப்போதெல்லாம் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

கடைசித்தடுப்பு:
செல்சி அந்தப் பருவத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை, அது வேறு விஷயம்.

புள்ளிக்கணக்கு:
எப்படி வேறு? உங்கள் முயலுக்கு எப்போதும் மூன்று கால்.

கடைசித்தடுப்பு:
வைகம்ப் ஏறியபோது, அதே 59 புள்ளிகளை 35 ஆட்டங்களில் எடுத்திருந்த பீட்டர்பரோ ஆறிலிருந்து ஏழுக்கு இறங்கி, பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. அதைச் சொல்லாமல் விட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். ஒரே புள்ளி, ஒரே ஓர் ஆட்டம் வித்தியாசம், ஒருவருக்கு வாசல் திறக்கிறது, இன்னொருவருக்கு மூடுகிறது. நான் சொல்வதும் அதுதான்!

புல்தரை:
மன்னிக்கவும், நீங்கள் இப்போது சொல்வது நீங்கள் முதலில் சொன்னதற்கு எதிரானது. கையிருப்பு ஆட்டம் உள்ள அணிக்குச் சாதகமாகத்தானே...

கடைசித்தடுப்பு:
எதிரானது அல்ல. முழுதும் படியுங்கள். நுனிப்புல் மேயாதீர்கள்.

மிச்சநேரம்:
பருவத்தை அப்படியே முடித்துக்கொள்ளலாமா என்று ஸ்காட்லாந்துக் கிளப்புகளிடையே நடந்த வாக்கெடுப்பை யாரும் பேசவில்லையே. 75 விழுக்காடு ஆதரவு வேண்டும், அதாவது அந்த லீக்கின் பத்துக் கிளப்புகளில் எட்டு. ஏப்ரல் 10 அன்று டண்டீ கிளப் அனுப்பிய "வேண்டாம்" மின்னஞ்சல் லீக் அலுவலகத்தின் வடிகட்டியில் மாட்டிக்கொண்டது. ஏப்ரல் 15 அன்று அதே டண்டீ "வேண்டும்" என்றது. எட்டு நிறைந்தது. திசிலும், முதல் நிலை லீக்கிலிருந்து அதேபோல் இறக்கப்பட்ட ஹார்ட்ஸும் நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தன, ஜூலையில் வழக்கை விசாரித்த நடுவர் தீர்ப்பாயமும் கைவிரித்துவிட்டது.

புள்ளிக்கணக்கு:
வாக்கெடுப்பு நாற்றமடித்தது என்றால் அது வாக்கெடுப்பின் குற்றம், சராசரியின் குற்றமல்ல. தவிர, அடுத்த பருவத்திலேயே திசில் மூன்றாம் நிலை லீக்கை வென்று திரும்பிவிட்டது. ஹார்ட்ஸும் இரண்டாம் நிலை லீக்கை வென்று அப்படியே திரும்பியது. யாரும் அழிந்துவிடவில்லை.

கடைசித்தடுப்பு:
அந்த மூன்றாம் நிலை லீக்கும் 22 ஆட்டங்களோடு சுருக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பி வந்ததால் அனுப்பியது நியாயமாகிவிடுமா? உங்கள் தர்க்கப்படி, திருடு போன பொருள் கிடைத்துவிட்டால் திருட்டே நடக்கவில்லை.

மிச்சநேரம்:
பிரான்ஸ் இன்னும் மோசம். அவசரப்பட்டு ஏப்ரல் இறுதியிலேயே பருவத்தை மூடினார்கள், மே 16 அன்று ஜெர்மனியில் பந்து மீண்டும் உருண்டது. 40 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தில் நின்ற லியோன் ஐரோப்பிய வாய்ப்பை இழந்தது. அதே லியோன் ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை போனது. அதற்கு முன்னால் நின்ற ரீம்ஸுக்கு 41, நீஸுக்கு 41. பத்துச் சுற்று மிச்சம் இருக்கையில் ஒரு புள்ளி ஒரு வித்தியாசமா?

புள்ளிக்கணக்கு:
அங்கே எல்லோரும் 28 ஆடியிருந்தார்கள், சராசரியைக் குறை சொல்ல வழியே இல்லை.

மிச்சநேரம்:
எல்லோரும் இல்லை. பாரிசும் ஸ்ட்ராஸ்பூரும் 27.

புள்ளிக்கணக்கு:
நீங்கள் சொன்ன மூன்று அணிகளைப் பற்றித்தான் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டக்வொர்த்-லூயிஸ் இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். நான் சொல்லாததற்கு எனக்கே மறுப்பு.

மிச்சநேரம்:
அந்த இழையில் யார் சரி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கடைசித்தடுப்பு:
கிரிக்கெட்டை எடுத்து வெளியே வையுங்கள். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பல வழிகள் இருந்தன. லீக்கைப் பெரிதாக்கி யாரையும் இறக்காமல் விட்டிருக்கலாம், கடைசி இரண்டு அணிகளுக்கு மட்டும் ஓர் ஆட்டம் வைத்திருக்கலாம். ஓர் ஆட்டம், தொண்ணூறு நிமிடம்.

புள்ளிக்கணக்கு:
எந்த மாதத்தில்? யார் செலவில்? பயிற்சியே தடைபட்டிருந்த காலத்தில் காலி மைதானத்தில் நீங்கள் போய் விசில் ஊதியிருப்பீர்களா? லீக்கைப் பெரிதாக்கலாம் என்று முன்மொழிந்தும் பார்த்தார்கள், மற்ற கிளப்புகளே ஒப்புக்கொள்ளவில்லை. 1.00 பெரிது, 0.96 சிறிது. இதற்குமேல் என்னால் எளிமையாகச் சொல்ல முடியாது.

கடைசித்தடுப்பு:
29 பெரிது, 28 சிறிது. நானும் எளிமையாகத்தான் சொல்கிறேன்.

மூலைக்கொடி:
அல்க்மார் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புள்ளிக்கணக்கு:
கோல் வித்தியாசம் என்று சொன்னேனே!

மூலைக்கொடி:
அது பதில் அல்ல.