மதுரை – நெல்லை லைனில் வேலையாய்ப் போகிறவர்களுக்கு: எதை, எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் (பலர் எழுதிய இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

நாலுவழிச்சாலை

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை ‘எண்ணெயில் முக்கிய மைதா’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், மத்தியானம் ஆறிப்போனதைச் சாப்பிட்டவர்களாக இருக்கும். அது சாயங்காலச் சரக்கு. ஆறரை, ஏழு மணிக்குக் கல் நன்றாகச் சூடேறி, கூட்டம் வந்து, போடப் போட இலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் உட்கார வேண்டும். கடைசி கிளையண்டை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

கடை வாசலில் நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். விளிம்புள்ள அகலமான கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் பரோட்டா பாதி முங்கிக் கிடக்கும். மதுரைப் பரோட்டா மாதிரி கல்லில் ஒட்டி வேகிறதில்லை, பொரிகிறது. கிலோ மைதாவுக்கு ஏறத்தாழ 600 மில்லி தண்ணீர், உப்பு, கொஞ்சம் சீனி. பிசைந்து எண்ணெய் தடவி ஒரு மணி நேரமாவது ஊற விட்டு, உருண்டை பிடித்த பிறகு இன்னொரு அரை மணி. இந்த ஊறல் குறைந்தால் வீசும்போதே மாவு கிழியும், அடுக்கு வராது. எண்ணெய் காயாமல் போட்டால் குடித்துவிட்டுக் கனமாகக் கிடக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மேலே சிவந்து நடு அடுக்கு பச்சை மாவாக நிற்கும். அதனால் முதல் பரோட்டாவின் நடுவைப் பிய்த்துப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக ஒட்டினால் அடுத்ததை ‘நல்லா முறுக விட்டுப் போடுங்கண்ணே’ என்று சொல்லிவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உருவத்தில் சின்னது, ஆனால் எண்ணெய்ப் பண்டம். மூன்றுக்கு மேல் இறங்காது. முதலில் இரண்டு வாங்கி, மற்றதைச் சூடாகக் கேளுங்கள். பிய்த்துப் போட்டு நடுவில் மட்டும் சால்னா ஊற்றி, ஓரத்தைக் காய விட வேண்டும். அரை நிமிஷத்தில் நடு ஊறியிருக்கும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்து வாயில் வைப்பதில்தான் விஷயமே. மொத்தமாகக் குளிப்பாட்டிவிட்டால் சாதாரணப் பரோட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

பார்சல் வேண்டாம். ரூமுக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டுமென்றால் சால்னாவைத் தனியாக, பரோட்டாவைப் பேப்பரில் சுற்றி. பிளாஸ்டிக் கவரில் சூடாக மூடினால் ஆவியிலேயே ரப்பர் ஆகிவிடும்.

ஆடிட் சீசன்

சைவக்காரர்கள் கவனிக்க: ‘வெறும் சால்னா’ என்றால் கறித்துண்டு இல்லாத சால்னா என்றுதான் அர்த்தம். எலும்பு போட்டுக் கொதித்த அதே பானைதான். ‘வெஜிடபிள் குருமா தனியாச் செஞ்சதா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் சீனி தூவி ஒரு பரோட்டா, அதுவும் மோசமில்லை.

கரிசல்காரன்

சாத்தூர் காராச்சேவுக்கு வருவோம். கடலை மாவு நாலு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, அரைத்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, மேலே காய்ந்த எண்ணெய் இரண்டு கரண்டி. இதுதான் கணக்கு, கடைக்குக் கடை கொஞ்சம் ஏறி இறங்கும். மாவைக் கண் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தால் நேராக எண்ணெயில் துண்டு துண்டாக விழும். பூண்டு நைசாக அரைபடவில்லை என்றால் கண் அடைத்துக்கொள்ளும். அரைக்கத் தண்ணீர் அதிகம் விட்டிருந்தால் எண்ணெய் மேலே தெறிக்கும். அரிசி மாவு குறைந்தால் மறுநாளே நமுத்துப்போகும்.

வாங்கும்போது இரண்டு சோதனை. ஒன்றை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. மூக்கில் வைத்தால் பூண்டும் கடலெண்ணெயும் வர வேண்டும். பெயிண்ட் மாதிரி ஒரு வாடை வந்தால் எண்ணெய் பழசு, விலை குறைத்தாலும் வேண்டாம். கட்டித் தொங்கவிட்ட பாக்கெட்டை விட, தட்டில் குவித்திருப்பதை நிறுத்து வாங்குவது மேல். சீசனில் பஸ் ஸ்டாண்டில் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சும் வரும். பிளந்து மிளகாய்ப்பொடி உப்புத் தடவித் தருவார்கள். காராச்சேவு தின்ற வாய்க்கு அதைவிட மருந்து கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம்: மாட்டுத்தாவணியில் ஏறும்போதே பஸ் ஊருக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘பைபாஸ் ரைடர்’ என்று எழுதியிருந்தால் சாத்தூரும் கோவில்பட்டியும் ஜன்னல் வழியாகக்கூடத் தெரியாது.

பாகுப்பதம்

கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லா ஊர்ப் பாக்கெட்டிலும் ‘கோவில்பட்டி’ என்று அச்சாகி வருகிறது. நல்லதைக் கண்டுபிடிப்பது பல்லின் வேலை. கடித்தால் உடைந்து கரைய வேண்டும், கடைவாயில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டினால் பாகு பதம் வருமுன் இறக்கிவிட்டார்கள் என்று பொருள். கசந்தால் பதம் தாண்டிவிட்டது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வருவதுதான் பதம். கண்ணாடி மாதிரி மினுமினுத்து, வெல்ல வாசமே இல்லை என்றால் குளுக்கோஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் முயல்கிறவர்கள் கிலோ வறுத்த கடலைக்கு முக்கால் கிலோ வெல்லம் வைத்துப் பார்க்கலாம். கடலை சூடாக இருக்க வேண்டும். ஆறிய கடலையைக் கொட்டினால் கிண்டுவதற்குள் பாகு இறுகிவிடும்.

மேலே கலர் தேங்காய்த் துருவல் தூவியது பார்க்க அழகு. ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தூவாததை வாங்குங்கள். தேங்காய்தான் முதலில் சிக்கு வாடை அடிக்கும்.

தாமிரபரணித் தண்ணி

அல்வாவை யாரும் இன்னும் தொடாததே ஆச்சரியம்.

சம்பா கோதுமையை ராத்திரி ஊறப்போட்டு, ஆட்டி, மூன்று தடவை பிழிந்து பால் எடுத்து, சில மணி நேரம் தெளிய வைத்து, மேலே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு அடியில் உள்ள கெட்டிப் பாலைக் கிண்டுவது. கிலோ கோதுமைக்குச் சீனி இரண்டரை முதல் மூன்று கிலோ, நெய் ஒன்று முதல் ஒன்றரை. அந்தக் காவி நிறம் பொடி போட்டு வருவதில்லை, சீனி கருகும் பதத்தில் பழுத்தும் மணிக்கணக்கில் கிண்டியும் வருவது. தெளிய வைப்பதில் அவசரப்பட்டால் அல்வா எத்தனை கிண்டினாலும் திரண்டு வராது.

சோள மாவு அல்வா துண்டு போட நிற்கும், விரலால் அமுக்கினால் எம்பும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும். கோதுமை அல்வா நிற்காது. இலையில் வைத்தால் சரியும், வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும், விரலில் நெய் மிஞ்சும். நூறு கிராம் இலையில் சூடாகத் தின்று பார்த்துவிட்டு அப்புறம் கிலோவைப் பற்றிப் பேசுங்கள்.

நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடைக்குத்தான் போவேன் என்றால் சாயங்காலம் திறப்பதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏழரை மணி ரயிலை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்காதீர்கள். டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடித்து ஓடுவது அல்வாவுக்கும் நல்லதில்லை, நெஞ்சுக்கும் நல்லதில்லை.

சூடான அல்வாவைக் கவரில் வாங்கினால் நெய் கசியும். லேப்டாப் பையில் வைக்கிற தைரியம் வேண்டாம், ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. வைத்தால் நெய் உறைந்து மணல் மாதிரி ஆகும், எடுத்து லேசாகச் சூடு காட்டினால் சரியாகிவிடும்.

உப்பளம்

தூத்துக்குடி வரை போகிறவர்கள் மக்ரூனைக் கடைசி நாள் வாங்குங்கள். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான், மாவு கிடையாது. முட்டை சேராத வீட்டுக்குச் சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள், பார்த்தால் தெரியாது.

அதற்குப் பகை ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றுப்படத் திறந்து வைத்தால் பாகு மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடும். பேக்கரியிலேயே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி வாங்குங்கள். பையில் அடியில் அல்வா, நடுவில் கடலைமிட்டாய், அதன்மேல் காராச்சேவு, எல்லாவற்றுக்கும் மேலே மக்ரூன். மாற்றி அடுக்கினால் அதன் கூர்முனையெல்லாம் உடைந்து, வீட்டுக்குப் போய்ச் சேர்வது முந்திரிப்பொடிதான்.