12 வீட்டுக் கட்டடத்தின் மின்-வெப்ப எந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், எரிவாயுவில் ஓடி 5.5 கிலோவாட் மின்சாரமும் 12.5 கிலோவாட் வெப்பமும் ஒருசேரத் தரும் சிறு எந்திரம் ஒன்று உள்ளது. நவம்பர் குளிரிலும் அது நாளொன்றுக்கு 14 முறை நின்று நின்று ஓடுகிறது. துணைக் கொதிகலனோ ஓயாமல் எரிகிறது. 750 லிட்டர் வெப்பநீர்த் தொட்டியும் இருக்கிறது. எந்திரம் தேவைக்கு மேல் பெரியது, கழற்றிவிடலாம் என்று உரிமையாளர் கூட்டத்தில் பேசுகிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். 12 வீடுகளுக்கு இது பெரிய எந்திரமே அன்று. குளிர்காலத்தில் இரவுபகலாக ஓட வேண்டியது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீரின் வெப்பநிலை என்ன? கொதிகலன் எப்போது எரியத் தொடங்குகிறது?

கேட்டவர்:
திரும்பும் நீர் 60 டிகிரி. தொட்டியின் மேற்பகுதி 65 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே கொதிகலன் எரிகிறது. குளியலறை வெந்நீரை 50 டிகிரிக்குக் குறைத்தால் சரியாகுமா?

மறுமொழி 2:
ஐயா, வெந்நீரில் கை வைக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்க, இத்தகைய கட்டடங்களில் வெந்நீர் 60 டிகிரியில் புறப்பட்டு, சுற்றிவரும் குழாயில் 55 டிகிரிக்குக் குறையாமல் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி.

கோளாறு திரும்பும் நீரில்தான் இருக்கிறது. 750 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.87 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் போதும். நீர் 40 டிகிரியில் திரும்பினால், 70 டிகிரி வரை தொட்டி 26 யூனிட் வாங்கிக்கொள்ளும். வீடுகள் ஒன்றும் எடுக்காவிட்டாலும் எந்திரம் இரண்டு மணி நேரம் ஓடும். 60 டிகிரியில் திரும்பினால் 40 நிமிடத்தில் தொட்டி வெப்பத்தால் நிரம்பி, தன்னைக் காத்துக்கொள்ள எந்திரம் நின்றுவிடும். அந்தச் சிறு இடத்தையும் கொதிகலன் முந்திக்கொண்டு நிரப்பிவிடுகிறது. ஓடாத ஒவ்வொரு மணிக்கும் 5.5 யூனிட் மின்சாரத்தை இழக்கிறீர்கள். அடிக்கடி குளிர்ந்த நிலையில் கிளம்புவதால் எந்திரமும் தேய்கிறது.

ரேடியேட்டர்களுக்குப் போகாமலே சுடுநீரைத் திருப்பிவிடும் குறுக்கு வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் உரிய நீரளவைப் பிரித்து அமைக்கச் சொல்லுங்கள். எந்திரம் மட்டும் ஓடியும் தொட்டி தொடர்ந்து குளிர்ந்தால் மட்டுமே கொதிகலன் எரியுமாறு தாமதம் வையுங்கள்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:
குறுக்கு வால்வு முழுதும் திறந்தே கிடந்தது. அதை மூடிக் கொதிகலனுக்கும் தாமதம் வைத்தபின் திரும்பும் நீர் 44 டிகிரிக்கு இறங்கியது. எந்திரம் இப்போது நாளுக்கு இரண்டு முறைதான் நிற்கிறது. ரேடியேட்டர்களைச் சீரமைக்கும் வேலை ஜனவரியில் நடக்கும். ஓடிய மணிக்கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்; அடுத்த கூட்டத்தில் அதையே காட்டுவேன். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.