எக்ஸ்பி கணினி பழுதாகிவிட்டது: பழைய விண்டோஸ் பதிப்பை முறையாகப் பெற வழி உண்டா?

கேள்வி: தக்கலை டிடிபி

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் சிறிய டிடிபி நிலையம் நடத்தி வருகிறேன். கோவில் கொடை நோட்டீஸ், தேவாலயப் பங்குத் திருவிழா அழைப்பிதழ், திருமண அட்டை, நினைவஞ்சலி போஸ்டர் ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உள்ளன. தமிழ் எழுத்துருக்களுக்கான மென்பொருளோ, பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற சிறிய பூட்டுக் கருவியைச் செருகியிருந்தால் மட்டுமே திறக்கும்.

இவை அனைத்தும் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி, ஐப்பசி மழையில் இடி விழுந்த இரவுக்குப் பின் உயிர்பெறவில்லை. புதிதாக வாங்கிய கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ இருக்கிறது. அதில் டாங்கிளைச் செருகப் போர்ட்டே கிடையாது. விசாரித்த கடையில், எக்ஸ்பியைச் சீரியல் எண்ணோடு சேர்த்துப் பென் டிரைவில் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பங்கின் குடும்பக் கையேடு முழுவதும், அதாவது வீட்டுப் பெயர், தொலைபேசி எண், புகைப்படம் எல்லாம் எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்கும்போது, யார் செய்தது என்றே தெரியாத ஒரு விண்டோஸை அதன்மீது வைக்க மனம் ஒப்பவில்லை. பழைய கணினியின் பக்கவாட்டில் எக்ஸ்பி ப்ரொஃபஷனல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு புதிய கணினியில் எக்ஸ்பி நிறுவலாமா?

பதில்: நாகர்கோவில் சர்வீஸ்

அண்ணாச்சி, அந்த ஸ்டிக்கர் கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட ஓஇஎம் உரிமத்தைக் குறிக்கிறது. அது அந்தக் கணினியோடு பிணைந்தது. வேறு கணினிக்கு எடுத்துச்செல்ல முடியாது. தனியாக அட்டைப் பெட்டியில் வாங்கிய விண்டோஸாக இருந்தால், பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றில் நிறுவலாம். புதிய கணினியின் விண்டோஸ் 11 ப்ரோ உரிமம், முந்தைய பதிப்பான விண்டோஸ் 10 ப்ரோவுக்கு இறங்க இடம் தருகிறது. எக்ஸ்பி வரை இறங்க இடம் தராது. ஹோம் பதிப்பாக இருந்திருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது பழைய கணினியைத்தான். இடி விழுந்த கணினிகளில் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் எரிந்து மற்ற பாகங்கள் நன்றாக இருப்பது உண்டு. நெட்வொர்க் கேபிள் வழியாக மின்னல் வந்திருந்தால் அந்தப் போர்ட் மட்டும் போயிருக்கலாம். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பாருங்கள். மதர்போர்டே பழுதாகியிருந்தாலும், பழுதின் காரணமாக அதற்கு நிகரான மதர்போர்டை மாற்றினால் உரிமம் தொடரும். வசதிக்காக மாற்றுவதும் பழுதுக்காக மாற்றுவதும் உரிம விதியில் வேறு வேறு.

எதைச் செய்வதற்கு முன்பும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கை வேறு வகை மதர்போர்டில் மாட்டினால் பெரும்பாலும் நீலத் திரையில் 7பி என்ற பிழை வந்து நிற்கும். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில், டிஸ்க்குக்கான சாட்டா முறையை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றினால் சில நேரம் சரியாகும், எப்போதும் அல்ல.

பதில்: மார்த்தாண்டம் பழைய மாணவன்

பழுது நீங்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. அலுவலகங்களிலிருந்து வெளியே வரும் பழைய பிராண்டட் கணினிகளில் விண்டோஸ் 7 ப்ரொஃபஷனல் ஸ்டிக்கர் இருப்பதைத் தேடி வாங்குங்கள். அந்த உரிமத்திலேயே எக்ஸ்பி ப்ரொஃபஷனலுக்கு இறங்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. உரிமை என்பது வேறு, டிஸ்க் என்பது வேறு. உங்களிடமோ தெரிந்தவரிடமோ அசல் எக்ஸ்பி டிஸ்க் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இறங்காமலே விண்டோஸ் 7 இன் 32 பிட் பதிப்பில் பேஜ்மேக்கரை முதலில் முயன்று பார்ப்பதும் நல்லது. 64 பிட் பதிப்பு வேண்டாம். பழைய டாங்கிளின் 32 பிட் டிரைவர் அதில் ஏறாது.

விண்டோஸ் 7 கிடைக்கிறது என்று இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய கோப்பை நம்ப வேண்டாம். அந்தக் கணினியின் டிஸ்க்கிலேயே விண்டோஸை மீண்டும் நிறுவுவதற்கான மீட்புப் பகுதி அழியாமல் இருந்தால் அதிலிருந்து நிறுவுவதே பாதுகாப்பு. எச்பி கணினிகளில் தொடக்கத்தில் எஃப் 11 விசையை அழுத்தினால் அது வரும். யாரிடமிருந்தாவது ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது டிஸ்க்கின் முழு நகல், பெற்றால், விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எண்ணோடு ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் தரும் பென் டிரைவ் இந்தச் சோதனையில் தேறாது என்றே நினைக்கிறேன். சீரியல் எண்ணைக் கோப்புக்குள் நுழைத்தாலே ஹாஷ் மாறிவிடும்.

புதிய கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல (விர்ச்சுவல் கணினி) இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் எக்ஸ்பியை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் தனி உரிமம் வேண்டும்.

பதில்: குளச்சல் கடற்கரை

டாங்கிள் இருக்கும்வரை விர்ச்சுவல் கணினி உங்களுக்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யுஎஸ்பியைப் பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். அது பிரிண்டரை மட்டுமே அறியும், டாங்கிளை அறியாது. பிரிண்டர் போர்ட்டுக்காகப் புதிய கணினியில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் உறுதியில்லை, ஏனெனில் பழைய டிரைவர்கள் போர்ட்டை 378 என்ற முகவரியிலேயே தேடும், கார்டு வேறு முகவரியில் அமரும். மதர்போர்டிலேயே பிரிண்டர் போர்ட் உள்ள கணினியைத்தான் வாங்க வேண்டும். பின்புறம் போர்ட் தெரியாவிட்டாலும் மதர்போர்டின் மேல், பிரிண்டர் போர்ட்டைக் குறிக்கும் எல்பிடி என்று எழுதிய ஊசி வரிசை சிலவற்றில் இருக்கும். அதற்கான பிராக்கெட்டை மாட்டிக்கொள்ளலாம்.

எப்படிப் பெற்றாலும் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும் விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 அன்றும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது யாரும் எந்த இணைப்பையும் திறக்கத் தேவையிருக்கவில்லை. கோப்புப் பகிர்வின் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாக அது தானாகவே கணினி விட்டுக் கணினி தாவியது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகளாகியும் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அப்போது தனியே ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. எக்ஸ்பிக்கு அந்தப் பழைய நெறிமுறை மட்டுமே தெரியும். அதனால் இரு கணினிகளுக்கும் இடையே கோப்பு பகிர்வதற்காகப் புதிய கணினியில் எஸ்எம்பி 1 என்ற அந்தப் பழைய நெறிமுறையை இயக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒரு பென் டிரைவை அந்த வேலைக்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் விண்டோஸ் 11 இல் சோதித்துவிட்டுச் செருகுங்கள்.

தக்கலை டிடிபி

மூவருக்கும் மிக்க நன்றி. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் கணினி இயங்கிவிட்டது. நெட்வொர்க் போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை, நீங்கள் சொன்னபடி அதற்குத் தேவையும் இல்லை. டிஸ்க்கை அதற்கு முன்பே நகலெடுத்துவிட்டேன். ஆனால் இந்தக் கணினி எவ்வளவு நாள் தாங்கும் என்ற கவலை இருக்கிறது. கையேட்டின் எழுத்துகளைப் புதிய கணினிக்குக் கொண்டுபோக முடியுமா?

பதில்: நாகர்கோவில் சர்வீஸ்

முடியும் அண்ணாச்சி. பக்க அமைப்புக்காக ஒவ்வொரு கோப்பையும் முதலில் பிடிஎஃப் ஆக்கிவையுங்கள். எழுத்துருக்களை உள்ளடக்கும் தெரிவு அதில் இயங்கியிருக்க வேண்டும். பிறகு பேஜ்மேக்கரிலிருந்து உரையை மட்டும் வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்று மென்பொருளில் உங்கள் எழுத்துருவின் குறியாக்கத்தைத் தெரிவுசெய்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கத்தை மாற்றியதும் கொம்பும் துணைக்காலும் பிரிந்து வரும் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகளையும், க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றையும் அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான குறியாக்கத்தைத் தெரிவுசெய்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். தொலைபேசி எண்களையும் தேதிகளையும் வீட்டுப் பெயர்களையும் பங்கு அலுவலகத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.