எச்எஸ்-சிஆர்பி 4.2: எழுபது வயதுக்கு மேல் இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கேட்டவர்: வடகரை

72 வயதுப் பெண்மணி ஒருவரின் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட். எச்எஸ்-சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதத்தை நுட்பமாக அளக்கும் பரிசோதனை) 4.2 மி.கி/லிட்டர், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 118, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.3, ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்) 38, கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) 1.0. மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. பிபிக்கு மாத்திரை உண்டு. முழங்கால் தேய்மானத்துக்கு அவ்வப்போது வலி மாத்திரை.

ரிப்போர்ட்டில் "3க்கு மேல்: இதய ஆபத்து அதிகம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த வயதில் அந்த எல்லைக்கோடு செல்லுமா? ஈஎஸ்ஆரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா? கொல்கிசின் (கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும், அழற்சியைக் குறைக்கும் மருந்து) போட்டால் இந்த சிஆர்பி இறங்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, அதில் எவ்வளவு உண்மை?

பதில் 1: லேப்மேசை

எண்ணுக்கு முன்னால் அலகைப் பாருங்க. சில லேப் மி.கி/லிட்டரில் கொடுக்கும், சில மி.கி/டெசிலிட்டரில். 0.42 மி.கி/டெசிலிட்டரும் 4.2 மி.கி/லிட்டரும் ஒண்ணுதான். இதைக் கவனிக்காம "போன தடவை 0.4, இப்போ 4, பத்து மடங்கு ஏறிடுச்சு"ன்னு ஓடி வர்றவங்க நிறைய.

அடுத்தது, சாதாரண சிஆர்பியா எச்எஸ்-சிஆர்பியாங்கிறது. சின்ன லேப்ல ஸ்லைடு மேல லேட்டக்ஸ் கலந்து பார்க்கிற முறைக்கு 6க்குக் கீழே கண்ணே தெரியாது. அதுல "நெகட்டிவ்"னு வந்தா இதயத்துக்கு நல்ல சேதின்னு அர்த்தமில்லை. 1க்கும் 3க்கும் வித்தியாசம் காட்டணும்னா எச்எஸ் முறைதான் வேணும்.

ஒரே தடவை எடுத்ததை வெச்சு முடிவு கட்டாதீங்க. ஆரோக்கியமா இருக்கிறவருக்கே வாரத்துக்கு வாரம் நல்லா ஏறி இறங்கும். குறைஞ்சது 2 வாரம் இடைவெளி விட்டு, அதே லேப்ல இன்னொரு தடவை எடுத்து, ரெண்டுக்கும் சராசரி பாருங்க. வெறும் வயிறு தேவையில்லை. 10க்கு மேல போனா அதை இதயக் கணக்குலயே சேர்க்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சளி, பல் சீழ், கால் புண்ணுன்னு வேற எங்கயோ வேலை நடக்குது.

ஈஎஸ்ஆர் 38 பத்திக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வயசோட 10 கூட்டிப் பாதியாக்கினா மேல் வரம்பு கிடைக்கும். 72க்கு அது 41. ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும். பரிசோதனைக் குழாய் 3 டிகிரி சாய்ஞ்சு நின்னா 30 சதவீதம் வரைக்கும் கூடக் காட்டும். இதய ஆபத்தைக் கணிக்க அது உதவாது.

பதில் 2: நாடித்துடிப்பு

1, 3 என்ற கோடுகள் (1க்குக் கீழ் ஆபத்து குறைவு, 3க்கு மேல் அதிகம்) 2003இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து போட்டவை. முதியவர்களுக்கு அவை செல்லுமா என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் கார்டியோவாஸ்குலர் ஹெல்த் ஸ்டடி. 65 வயதைக் கடந்த, இதய நோய் இல்லாத 3,971 பேரைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்டார்கள். 3க்கு மேல் இருந்தவர்களுக்கு, 1க்குக் கீழே இருந்தவர்களைவிட இதயத் தமனி நோய் 1.45 மடங்கு வந்தது. தொடர்பு உண்டு, ஆனால் அந்தத் தடித்த எழுத்து மிரட்டும் அளவுக்கு இல்லை. வயதும் ரத்த அழுத்தமும் இதைவிடப் பெரிய ஆட்கள்.

சிஆர்பி தானாக ரத்தக்குழாயைக் கெடுப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 (அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதம்) சொல்லி அனுப்ப, கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. பிறப்பிலேயே மரபணுவால் சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதில்லை. இன்டர்லூக்கின்-6இன் செய்தியைப் பெறும் ஏற்பியில் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கோ ஆபத்து மாறுகிறது. 70 முதல் 79 வயதினரைப் பார்த்த ஹெல்த் ஏபிசி ஆய்விலும் (2003) சிஆர்பியைவிட இன்டர்லூக்கின்-6தான் தெளிவாகக் கணித்தது. ஆனால் அது அன்றாடப் பரிசோதனை ஆகவில்லை.

எனவே "எதனால் ஏறியிருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த வயதில் தொப்பைக் கொழுப்பு, ஈறு நோய், புகை, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகக் குறைவு, முடக்குவாதம் எல்லாமே ஏற்றும்.

ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) பற்றி: 2008இல் வந்த ஜூபிட்டர் ஆய்வு ஏறக்குறைய இவரைப் போன்றவர்களைத்தான் எடுத்தது. பெண்கள் 60க்கு மேல், எல்டிஎல் 130க்குக் கீழ், எச்எஸ்-சிஆர்பி 2 அல்லது மேல். ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி கொடுத்ததில் இதய நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. ஆனால் சிஆர்பி குறைவாக இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. ஆகவே பலனுக்குச் சிஆர்பிதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2016இன் ஹோப்-3இல் 10 மி.கி ரோசுவாஸ்டாட்டின், சிஆர்பி கூடியவருக்கும் குறைந்தவருக்கும் ஒரே மாதிரி உதவியது. ஜூபிட்டரில் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோயும் சற்றுக் கூடுதலாக வந்தது. எச்பிஏ1சி 6.3இல் நிற்பவருக்கு அதையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தயக்கம் இருந்தால் இதயத் தமனி கால்சியம் ஸ்கேன் (தமனிச் சுவரில் படிந்த கால்சியத்தை அளக்கும் சிடி ஸ்கேன்) எடுக்கலாம். அதில் பூஜ்யம் வந்தால் மாத்திரையைத் தள்ளிப்போட நியாயம் உண்டு.

பதில் 3: மாத்திரைப்பெட்டி

கொல்கிசின் செய்தி பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. லோடோகோ2 ஆய்வில் (2020) தினம் 0.5 மி.கி கொடுத்து 5,522 பேரைப் பார்த்தார்கள். இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. ஆனால் அத்தனை பேரும் ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ளவர்கள். மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த க்ளியர் சினர்ஜியில் (2024, 7,062 பேர்) பலனே தெரியவில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்த சர்ட் ஆய்வும் வெறுங்கையோடு முடிந்தது. அழற்சியை எங்கே தட்டினாலும் இதயம் பிழைக்கும் என்றில்லை.

இவருக்குக் கிரியேட்டினின் 1.0 நார்மல் போலத் தெரியும். 72 வயதுப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 60 அளவில்தான் வரும். அது இன்னும் குறைந்தால் கொல்கிசின் உடம்பில் தேங்கும். முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு தசை பலவீனம், ரத்த அணுக்கள் சரிவு. பிபி மாத்திரை டில்டியாசமோ வெரப்பமிலோ என்றால் தேங்குவது கூடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து உயிர் போனதும் உண்டு.

எல்லாரும் தாண்டிப் போன விஷயம் அந்த வலி மாத்திரை. "அழற்சியைக் குறைக்கும் மருந்துதானே, இதயத்துக்கும் நல்லது" என்று நினைப்பார்கள். நேர் எதிர். டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்து பிபியை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை 2004இல் சந்தையிலிருந்து போனதே அதனால்தான். முழங்காலுக்கு மேலே தடவும் ஜெல், தொடைத் தசைப் பயிற்சி, தேவைப்படும்போது பாரசிட்டமால் என்று மாற்றப் பாருங்கள்.

வடகரை

பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. வலிக்கு எட்டோரிகாக்சிப் 90, வாரம் மூன்று நாள். விசாரித்ததில் இன்னொன்று தெரிந்தது: ரத்தம் எடுப்பதற்கு 8 நாள் முன்பு கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறார்கள்.

லேப்மேசை

அப்போ அந்த 4.2ஐ ஓரமா வையுங்க. புண் ஆறி, ஈறையும் டாக்டர்கிட்ட காட்டி முடிச்சு, 3 வாரம் கழிச்சு எடுங்க. அதுக்கு முன்னால எட்டோரிகாக்சிப் விஷயத்தை டாக்டர்கிட்ட பேசுங்க. பிபியை வீட்டுல காலை, சாயங்காலம் ஒரு வாரம் எழுதி வெச்சு அந்தச் சீட்டையும் கொண்டு போங்க.