பாய்மரப் படகின் தளம் மக்கியிருக்கிறது: ஆலோசனை தேவை

பழைய மரப் படகு ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். கடல்நீரில் ஊறிய அடிப்பலகைகள் திடமாக இருக்கின்றன. மழைநீர் தேங்கிய மேல்தளம்தான் மக்கிவிட்டது. பாய்மரத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. சுத்தியலால் தட்டினால் அதற்கு அப்பாலும் மந்தமான ஓசைதான்.

மக்கிய பகுதியை வெட்டியெடுத்து, 1:8 சரிவில் (பலகையின் தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்கு இரு முனைகளையும் சரிவாகச் சீவி) புதுப் பலகையை எபாக்சி என்ற பிசின் பசையால் இணைக்க நினைக்கிறேன். மக்கிய மரத்தின் மீதே நீர்த்த எபாக்சியை ஊற்றினால் போதும் என்கிறார்கள் சிலர். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் அந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

பாய்மரத்தின் பாரம் இறங்கும் இடத்துக்கு 1:8 போதுமா, 1:12 வேண்டுமா? அடியிலுள்ள குறுக்குச் சட்டமும் ஓரத்தில் மக்கியிருக்கிறது. அதைக் கழற்றாமல், பக்கத்தில் இன்னொரு சட்டம் சேர்த்துப் பலப்படுத்தியவர்கள் இருந்தால், அது எத்தனை காலம் தாங்கியது என்று சொல்லுங்கள்.